எங்கள் வீட்டுக்கு எந்த ஸ்பானியல்?

நாய் வளர்க்கப் போகிறோம் என்று இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களிடம் சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கும். ‘இருக்கிற வேலை போதாதா?’ என்பது ஒன்று. ‘வாங்குவதானால் லாப்ரடார் வாங்குங்கள்’ என்பது மற்றொன்று. நாங்கள் ஸ்பானியல் என்று முடிவு செய்திருந்தோம். ஸ்பானியல் என்பது ஒரு குலப்பெயர். அதற்குள் பல இனங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அம்மாதங்களில் படித்தவற்றையும், உணவு மேசையில் வாதிட்டவற்றையும், இறுதியில் செய்தவற்றையும் இங்கே எழுதி வைக்க விரும்புகிறோம். இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் நாய்க்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். வர்ஜீனியா வுல்ஃபும் வருவார், நாலடியாரும் வரும்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சில சொற்கள். லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரெடிங் நகரில் வசிக்கிறோம். கணவன், மனைவி, பதினாறு வயது மகள், பத்து வயது மகன், ஆச்சி என ஐந்து பேர். ஆச்சி எங்களில் ஒருவருக்கு அன்னை, மற்றவருக்கு மாமியார். திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர். 2010ஆம் ஆண்டு தாத்தாவுடன் எங்களிடம் வந்து சேர்ந்தார். தாத்தாவும் ஆச்சியும் மாலைதோறும் தேம்ஸ் கரைப் புல்வெளியில் நடந்து வருவது எங்கள் தெருவினர் அனைவரும் அறிந்த காட்சி. இரண்டு குளிர்காலங்களுக்கு முன் தாத்தா காலமானார். இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, கடைசி ஓராண்டை நான்கு தலையணைகளில் சாய்ந்தபடியே கழித்தார். உடலில் நீர் தேங்குகிறதா என்று அறிய நாள்தோறும் காலையில் எடை பார்க்கும்படி மருத்துவர் கூறியிருந்தார். அந்த எடையை ஆச்சி ஒரு கோடு போட்ட நோட்டில் ஒரு நாள் விடாமல் குறித்து வந்தார்.

அவர் போனபின் ஆச்சி ஆற்றங்கரைக்குச் செல்வதை நிறுத்திவிட்டார். பகலில் நாங்கள் அலுவலகத்திலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்க, அவர் வீட்டில் தனியாக இருந்தார். பேச்சும் குறைந்தது. நாய் வேண்டும் என்பது மகனின் நெடுநாளைய விண்ணப்பம். அதை நாங்கள் கருத்தில் எடுத்துக்கொண்டது ஆச்சியை முன்னிட்டுத்தான். இதனை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

*

ஸ்பானியல் என்ற சொல், ‘ஸ்பெயின் நாட்டது’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் சாசர் எழுதிய காலத்திலேயே ஆங்கிலத்தில் வழங்கிய சொல் இது. புதரில் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பம் பிடித்துக் கிளப்பிவிடுவதே இந்த நாய்களின் தொழில். வலைகொண்டு பறவை பிடித்த காலத்தில் வலையை நோக்கி விரட்டின. துப்பாக்கி வந்தபின் குறிபார்ப்பவனுக்கு எதிரே எழுப்பிவிட்டன. அவ்வாறு எழுப்பியது ஸ்பிரிங்கர். வுட்காக் என்னும் சிறு பறவையின் வேட்டைக்குப் பயன்பட்டது காக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இவை இரண்டு தனி இனங்களாகக்கூடக் கருதப்படவில்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் பெரியது ஸ்பிரிங்கர் என்றும் சிறியது காக்கர் என்றும் பெயர் பெற்றன. நாய்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இவற்றைத் தனித்தனிப் பதிவேட்டில் சேர்த்த பிறகே இரண்டும் இரு வழியில் பிரிந்தன.

இவற்றினும் சிறிய மற்றொரு வகையும் நெடுங்காலமாக இருந்தது. அரசியின் மருத்துவராகவும் விளங்கிய ஜான் கேயஸ் 1570இல் இங்கிலாந்தின் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். 1576இல் அது ஆங்கிலமாயிற்று. வேட்டைக்குப் பயன்படாமல் சீமாட்டிகளின் மடியில் கிடக்கும் சிறு ஸ்பானியலைச் சற்றே ஏளனத்துடன்தான் அவர் குறிப்பிடுகிறார். எனினும், நோயுற்றவர் அதை நெஞ்சோடோ வயிற்றோடோ அணைத்துக்கொண்டால் வலி தணியும் என்ற நம்பிக்கையையும் பதிவு செய்கிறார். அவர் காலத்தில் அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று ‘ஆறுதல் தருவது’ என்று பொருள்படும்.

ஆறுதல் என்றதும் எங்கள் ஊர்க் கதையொன்றைச் சொல்லாமல் இருக்க இயலாது. ரெடிங்கிற்குத் தெற்கே சில மைல் தொலைவில் த்ரீ மைல் கிராஸ் என்ற சிற்றூர் உள்ளது. ‘அவர் வில்லேஜ்’ எழுதிய மேரி ரஸல் மிட்ஃபோர்டு வாழ்ந்த ஊர் அது. அவருடைய தோழி எலிசபெத் பாரெட் 1840இல் தம் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தார். நோயும் துயருமாகப் படுக்கையில் கிடந்த அந்தக் கவிஞருக்கு மிட்ஃபோர்டு அனுப்பி வைத்தது ஒரு காக்கர் ஸ்பானியல். அதன் பெயர் ஃபிளஷ். லண்டனில் மூன்று முறை அதைத் திருடர்கள் கவர்ந்துபோய்ப் பணம் கேட்டார்கள். மூன்றாவது முறை, அறையைவிட்டு வெளியே வருவதே அரிதாயிருந்த எலிசபெத், தாமே வண்டியேறித் திருடர்கள் வாழ்ந்த சேரிக்குச் சென்றார். அதே 1846ஆம் ஆண்டில் ராபர்ட் பிரௌனிங்கை மணந்து இத்தாலிக்குப் போனபோது ஃபிளஷும் உடன் சென்றது. வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் அந்த நாயின் வாழ்க்கை வரலாற்றையே ஒரு நூலாக எழுதினார்.

மகள் அந்நூலை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, இரவு வேளைகளில் ஆச்சிக்குத் தமிழில் கதையாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த ஆச்சி ஒன்றுதான் கேட்டார்: “அந்த நாய்க்கு எத்தனை வயசு இருந்துச்சு சாகும்போது?” ஏறக்குறைய பதினான்கு என்று கணக்கிட்டுச் சொன்னாள். “நல்ல வயசுதான்” என்றார் ஆச்சி.

*

பட்டியலைச் சுருக்குவது கடினமாக இருக்கவில்லை. கிளம்பர், ஃபீல்டு, சசெக்ஸ் ஆகிய பழைய இனங்கள் அருகிவிட்டன. ஆண்டுக்கு முந்நூறு குட்டிகள்கூடப் பதிவாகாத உள்நாட்டு இனங்களுக்கென்று கென்னல் கிளப் வைத்திருக்கும் பட்டியலில் இம்மூன்றும் உள்ளன. திபெத்திய ஸ்பானியல் பெயரளவில் மட்டுமே ஸ்பானியல். எஞ்சியவை ஸ்பிரிங்கர், காக்கர், கவலியர் கிங் சார்ல்ஸ் என்னும் மூன்று.

ஸ்பிரிங்கரை மகன் விரும்பினான். விமான நிலையங்களில் வெடிமருந்தையும் போதைப்பொருளையும் மோப்பம் பிடிக்கும் நாய்களுள் பல ஸ்பிரிங்கர்களே. பஸ்டர் என்ற ஸ்பிரிங்கர் ஈராக்கில் ஆயுதக் குவியலைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்காக 2003இல் விலங்குகளுக்கான டிக்கின் பதக்கத்தைப் பெற்றது என்ற செய்தியை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். நண்பர் ஒருவரின் ஸ்பிரிங்கரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கழித்தோம். அன்பும் அறிவும் நிறைந்த உயிர், ஐயமில்லை. மழையில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, அடுத்து என்ன என்று எங்கள் முகத்தைப் பார்த்தது. அன்று வாசலில் ஆச்சியை வரவேற்கப் பாய்ந்த வேகத்தில், அவர் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. எழுபத்து நான்கு வயதில் முழங்கால் வலியுள்ளவர் வாழும் வீட்டுக்கு இருபது கிலோவுக்கு மேற்பட்ட அந்த உற்சாகம் ஒவ்வாது. இனத்தின் மீது குறையில்லை. நாள்தோறும் வயல்வெளியில் ஓடவிட ஆள் இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்ல நாய் கிடைப்பது அரிது.

காக்கர் எங்களுக்குப் பொருத்தமாகவே தோன்றிற்று. ஆனால் அதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. வேட்டைக்கென வளர்க்கப்படும் கிளை, கண்காட்சிக்கென வளர்க்கப்படும் கிளை என இரண்டும் பல தலைமுறைகளாகத் தனித்தனியே பெருகி வந்திருக்கின்றன. வேட்டைக் கிளை மெலிந்தது, வேகமானது, வேலையில்லாவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்வது. அந்த வேலை பெரும்பாலும் சோபாவைப் பிரிப்பதாக அமையும். கண்காட்சிக் கிளை சற்றுப் பருத்தது, நீண்ட முடியும் காதுகளும் கொண்டது, ஒப்பீட்டளவில் அமைதியானது. தொங்கும் காதுக்குள் காற்றுப் புகாமல் ஈரம் தங்கிச் சீழ் பிடிப்பது இக்குலத்துக்கே உரிய தொல்லை. வாரந்தோறும் காதைச் சுத்தம் செய்து, நாள்தோறும் முடியைச் சீவ வேண்டும். கண், சிறுநீரகம் தொடர்பான சில பரம்பரை நோய்களும் உண்டு. அவற்றுக்கு மரபணுச் சோதனை இருப்பதால், பொறுப்புள்ளவர்கள் பெற்றோர் நாய்களைச் சோதித்தபின்னரே இணைசேர்க்கிறார்கள். சோதனைச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

காக்கர் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்த நிலையில்தான், பூங்காவில் ஒரு முதியவருடன் வந்த கவலியர் ஒன்று, நேராக ஆச்சியிடம் வந்து அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மகனுக்குக் காலில் அடிபட்டதால் அன்று வேறு வழியின்றி எங்களோடு பூங்காவுக்கு வந்திருந்தார் ஆச்சி. குனிந்து அதன் நெற்றியைத் தடவினார். வீட்டுக்கு வரும் வழியில், “அது என்ன சாதி?” என்று கேட்டார். கவலியர் என்று சொன்னோம். “பேர்லயே கவலை இருக்கே” என்றார். பல மாதங்களுக்குப் பின் அவராகத் தொடங்கிய பேச்சு அது.

*

கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலின் வரலாறு, மனிதர் தம் விருப்பத்துக்கேற்ப ஓர் உயிரின் உருவத்தை மாற்றியமைத்த வரலாறு. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் இச்சிறு ஸ்பானியல்களை எங்கும் உடன் அழைத்துச் சென்றார். அரசவைக் கூட்டத்தில் மன்னர் அலுவலைக் கவனியாமல் நாயோடு விளையாடிக் கொண்டிருந்ததைச் சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எரிச்சலோடு எழுதியிருக்கிறார். அக்கால ஓவியங்களில் அந்நாய்களுக்கு நீண்ட மூக்கும் தட்டையான தலையும் இருந்தன. பின்னர் சப்பை மூக்கு நாகரிகமாயிற்று. அவ்வாறே வளர்த்து வளர்த்து, பழைய முகமே மறைந்துபோயிற்று.

1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய ஓவியங்களில் உள்ளது போன்ற நீண்ட முகமுடைய நாய்க்கு இருபத்தைந்து பவுன் பரிசு என்று கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அறிவித்தார். வளர்ப்போர் மீண்டும் பின்னோக்கிச் செல்லத் தொடங்கினார்கள். 1928இல் கவலியருக்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. 1945இல் தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது. ஓர் ஓவியத்தைப் பார்த்து ஓர் உயிரை மீட்டெடுத்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் மீட்டெடுக்க அடிப்படையாக அமைந்தவை மிகச் சில நாய்களே. இன்று உலகெங்கும் உள்ள கவலியர்கள் அந்தச் சிலவற்றின் வழித்தோன்றல்கள்.

வெண்மையும் செம்பழுப்பும் கலந்த கவலியருக்குப் பிளென்ஹைம் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டு அருகிலுள்ள மார்ல்பரோ பிரபுவின் அரண்மனைப் பெயர் அது. சிலவற்றின் உச்சந்தலையில் கட்டைவிரல் அளவில் ஒரு செம்புள்ளி இருக்கும். 1704இல் பிரபு பிளென்ஹைம் போரில் இருந்தபோது, செய்தி வராத கவலையில் அவர் மனைவி சாரா மடியிலிருந்த நாயின் தலையைக் கட்டைவிரலால் அழுத்தியபடியே இருந்தாராம். அந்நாய் ஈன்ற குட்டிகளுக்கெல்லாம் அந்த இடத்தில் புள்ளி இருந்ததாம். அணிலின் முதுகில் இராமன் தடவிய கோடுகளை அறிந்த நமக்கு இக்கதையை விளக்க வேண்டியதில்லை. ஆச்சிக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்கள் வீட்டுக்கு வேண்டிய அனைத்தும் கவலியரிடம் இருந்தன. ஐந்தரை முதல் எட்டுக் கிலோ எடை. மெதுவான நடைக்கு இணங்கும். ஓட அழைத்தால் ஓடும். குழந்தைகளிடம் பொறுமை. அந்நியரைக் கண்டால் வாலாட்டுவதைத் தவிர வேறு காவல் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதரின் அருகில் இருப்பதையே தொழிலாகக் கொண்டது.

அடுத்து மகள் அதன் நோய்களைப் பற்றிப் படித்து வந்து, ஒரு சனிக்கிழமை இரவு உணவின்போது சொன்னாள்.

இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மைட்ரல் வால்வு உள்ளது. இந்த வால்வு தடித்துச் சுருங்கி மூட மறுக்கும் நோய் எல்லாச் சிறு நாய்களுக்கும் முதுமையில் வரக்கூடியது. கவலியருக்கு அது இளமையிலேயே வருகிறது. ஐந்து வயதுக்குள் ஏறக்குறையப் பாதி நாய்களின் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கத் தொடங்குகிறது; பத்து வயதைத் தாண்டியவற்றில் அது இல்லாதது அரிது. இது தவிர மண்டையோடு மூளைக்குப் போதாத அளவு சிறியதாக அமைவதால், தண்டுவடத்தில் நீர்க்குழிகள் தோன்றும் சிரிங்கோமையீலியா என்ற நோயும் உண்டு. அந்நோய் கண்ட நாய் கழுத்தருகே வெறும் காற்றைச் சொறிந்துகொண்டே இருக்கும். 2008இல் பிபிசி ஒளிபரப்பிய ‘பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்டு’ என்ற ஆவணப்படம் இதைக் காட்டியதும் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. மறு ஆண்டு கிரஃப்ட்ஸ் கண்காட்சியை பிபிசி ஒளிபரப்பவில்லை. நார்வேயில் விலங்கு நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 2022இல் கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு மன்றமும், 2023இல் உச்ச நீதிமன்றமும், அந்நாட்டில் கவலியர்களை வழக்கம்போல் தமக்குள்ளேயே இணைசேர்த்து வளர்ப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தன.

‘இதயம்’ என்ற சொல் எங்கள் வீட்டில் இரண்டாண்டுகளாக எவரும் உரக்கச் சொல்லாத சொல். மேசையில் சிறிது நேரம் மௌனம் நிலவிற்று. நாங்கள் இருவரும் காக்கரே போதும் என்று பேச்சை முடிக்க முயன்றோம்.

ஆச்சி விடவில்லை. “நோய் வரும்னு தெரிஞ்சா யாரும் பிள்ளை பெறாம இருந்தாங்களா? உங்க தாத்தா குடும்பத்துல மூணு தலைமுறையா நெஞ்சுவலி. தெரிஞ்சுதான் நான் கட்டிக்கிட்டேன்.”

மகள் தயங்கவில்லை. “நீங்க தாத்தாவைக் கட்டிக்கிட்டது வேற, ஆச்சி. அவர் ஏற்கெனவே பிறந்துட்டார். நாம இப்ப ஒரு குட்டிக்குக் காசு கொடுத்தா, அடுத்த குட்டியைப் பெத்துக் கொடுன்னு சொல்றோம்.”

ஆச்சி சிரித்துவிட்டார். “ஏற்கெனவே பிறந்துட்டாரு, ஆமா” என்று இரண்டு முறை சொல்லிக்கொண்டார். ஆனால் வாதம் அன்று முடியவில்லை. அடுத்த சில வாரங்கள் எங்கள் வீட்டில் இதுவே பேச்சாயிற்று.

*

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கவலியரைக் கைவிடுவதே அன்பு என்றால், இனிப் பிறக்கப்போகும் நல்ல நாய்களுக்கு யார் வீடு கொடுப்பது? பொறுப்புடன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் நாய்கள் இரண்டரை வயதுக்கு மேல் இதயச் சோதனையில் தேறியிருக்க வேண்டும், அவற்றின் பெற்றோரும் ஐந்து வயதில் தேறியிருக்க வேண்டும் என்பது அவர்களுக்குரிய பரிந்துரை. தண்டுவட நோய்க்கு எம்ஆர்ஐ சோதனைத் திட்டமும் 2012 முதல் உள்ளது. அத்தகைய ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். தாய் நாயைக் காட்டினார். சான்றுகளை அடுக்கி வைத்தார். எங்களைப் பற்றி எங்களைவிட அதிகமாக விசாரித்தார். “என்னால் வாய்ப்பைக் குறைக்க முடியும், வராது என்று வாக்களிக்க முடியாது” என்றார். அந்த நேர்மையை மதிக்கிறோம்.

மற்றொருவர் தொலைபேசியிலேயே விலையைச் சொன்னார். இதயச் சான்று உண்டா என்று கேட்டதற்கு, மருத்துவர் பார்த்துவிட்டார் என்றார். தாயைப் பார்க்க வரலாமா என்றதற்கு, குட்டியைப் பாதி வழியில் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அங்கே பேச்சை முடித்துக்கொண்டோம். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்பதை இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் 6 முதல் சட்டம் தடை செய்கிறது. குட்டியைப் பிறந்த இடத்திலேயே, தாயுடன் சேர்த்துக் காட்டியாக வேண்டும். அந்தச் சட்டத்துக்கு லூசியின் சட்டம் என்று பெயர். லூசி ஒரு கவலியர். குட்டி ஈனுவதற்கென்றே கூண்டில் அடைத்து வைக்கப்பட்டு, முதுகு வளைந்து, 2013இல் வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து மீட்கப்பட்டது. 2016இல் இறந்தது.

லூசியின் கதையை மகள் சொல்லக் கேட்டபின் இரண்டு நாள் ஆச்சி எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை காப்பி கொடுக்கும்போது மகளிடம் சொன்னார்: “ஏற்கெனவே பிறந்தது ஏதாவது இருக்கான்னு பாரு.”

இருந்தது. குட்டி போடும் வயது முடிந்ததும் பண்ணையிலிருந்து கைவிடப்பட்ட ஆறு வயது பெண் கவலியர். ஒரு தொண்டு நிறுவனம் அதற்கு வீடு தேடிக் கொண்டிருந்தது. இதயத்தில் முணுமுணுப்பு, ஆறு படிகளில் இரண்டாம் படி என்று குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தார்கள். முன்பே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்காது. மருத்துவச் செலவு முழுவதும் எங்கள் கையிலிருந்துதான். எத்தனை ஆண்டுகள் என்று எவரும் சொல்ல இயலாது. நாங்கள் இருவரும் அன்றிரவு வெகுநேரம் பேசினோம். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். தாத்தாவின் கடைசி ஓராண்டை ஆச்சி மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி நேருமே, அதை நாமே தேடிக் கொடுப்பதா என்பதுதான் எங்கள் தயக்கம். மறுநாள் அதை அவரிடமே கேட்டுவிட்டோம். “எனக்குப் பார்த்துக்கத் தெரியும்” என்றார். பார்த்துக்கொள்ள எதுவும் இல்லாமற் போனதுதான் அவருடைய இரண்டாண்டுத் துயரம் என்பது எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வீட்டைப் பார்வையிட வந்தார். வேலியில் இடைவெளி உண்டா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா என்றெல்லாம் பார்த்தார். நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக்கூடாது என்றார். “பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?” என்று அவர் கேட்டபோது நாங்கள் வாய் திறக்குமுன் ஆச்சி தம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: “நான் இருப்பேன். எல்லா நாளும்.”

*

அதன் பெயர் மில்லி. ஆச்சி முதல் நாளிலிருந்தே மல்லி என்று அழைத்தார்; அதுவும் ஏற்றுக்கொண்டது. முதல் மூன்று வாரங்கள் சோபாவுக்குப் பின்னாலேயே கிடந்தது. மாடிப்படி, தொலைக்காட்சி, குக்கர் விசில் எல்லாம் அதற்கு அச்சம். புல்லின்மீது நடக்கவும் தயங்கியது. நாங்கள் தின்பண்டங்களைக் காட்டி அழைத்துப் பார்த்தோம். ஆச்சி அழைக்கவே இல்லை. சோபாவுக்கு அருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்து, பகல் முழுதும் தம் பழைய புத்தகங்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நான்காம் வாரத்தில் ஒரு நாள் மாலை நாங்கள் வீடு திரும்பியபோது அது அவர் பாதத்தின்மேல் தலையை வைத்து உறங்கிக்கொண்டிருந்தது. அன்று நாலடியார் வாசித்ததாக ஆச்சி சொன்னார். யானையைப் போன்றவர் நட்பைவிட நாயைப் போன்றவர் நட்பே கொள்ளத்தக்கது என்று கூறும் பாடலை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாராம்.

பூசையறைக்குள் வரக்கூடாது, அடுக்களையில் முடி விழக்கூடாது என்ற இரண்டு விதிகளை ஆச்சி வகுத்தார். முதல் விதி இன்றுவரை காக்கப்படுகிறது.

ஓராண்டு கழிந்தபின் எடுத்த ஸ்கேனில் இதயம் சற்று விரிந்திருந்தது. இந்த நிலையில், நோயின் அறிகுறிகள் தோன்றுமுன்பே பிமோபென்டான் என்ற மருந்தைத் தொடங்கினால், இதயம் செயலிழக்கும் காலம் சராசரியாகப் பதினைந்து மாதங்கள் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியதாக மருத்துவர் விளக்கினார். பதினைந்து மாதம் என்பது நாயின் ஆயுளில் சிறிய காலமன்று. காலையும் மாலையும், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை. அது ஆச்சியின் பொறுப்பு. மற்றொன்றையும் மருத்துவர் சொல்லிக் கொடுத்தார். நாய் ஆழ்ந்து உறங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். முப்பதுக்குள் இருந்தால் கவலையில்லை. தொடர்ந்து அதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று பொருள்; உடனே அழைத்து வர வேண்டும்.

ஸ்பானியல் வளர்க்க விரும்பும் நண்பர்கள் சிலர் எங்களிடம் எந்த இனம் நல்லது என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் யார் நடப்பார்கள், எவ்வளவு தூரம், பகலில் யார் இருப்பார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்கிறோம். ஓடும் கால்கள் உள்ள வீடென்றால் ஸ்பிரிங்கர். நாள்தோறும் சீப்பெடுக்கும் பொறுமை உண்டென்றால் காக்கர். கவலியர் என்பவர்களிடம் மட்டும் சற்று அதிக நேரம் பேசுகிறோம். குட்டியாக வாங்குவதானால் நான்கு பாட்டன்பாட்டிகளின் இதயச் சான்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்; காட்ட மறுப்பவரிடம் ஒரு பவுனும் கொடுக்காதீர்கள். முடியுமானால், ஏற்கெனவே பிறந்துவிட்ட ஒன்று எங்கேனும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் நோய்க்கு நீங்கள் காரணமல்லர். அதற்குத் துணையாக இருக்கலாம்.

மல்லிக்கு இப்போது எட்டு வயது. மாலை வேளைகளில் ஆச்சி அதனுடன் தேம்ஸ் கரைக்குச் சென்று வருகிறார். முழங்கால் வலியும் இதய நோயும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடப்பதால் இருவருக்கும் சிரமமில்லை. இரவில் அது உறங்கியபின், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தை முன்னால் வைத்து மூச்சை எண்ணுகிறார். தாத்தாவின் எடையைக் குறித்துவந்த நோட்டில் பாதிக்கு மேல் பக்கங்கள் மீதியிருந்தன. தேதியும் எண்ணும் அதில்தான் ஏறிக்கொண்டிருக்கின்றன. நேற்று இருபத்திரண்டு.